கை நடுக்கத்துக்குப் போன நரம்பியல் கிளினிக்: 5க்கு 4 ஸ்டார்

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் செக்கைத் திருப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போகவே தோன்றியது. முதலில் போன இடத்தில் கையைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள், எடுக்காமல் வந்துவிட்டேன். இது இரண்டாவது இடம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 6 மணி டோக்கன், உள்ளே கூப்பிட்டபோது எட்டேகால். உட்கார நாற்காலி கிடையாது, டிவி மட்டும் அலறிக்கொண்டே இருக்கிறது.

உள்ளே போன பிறகு கதை வேறு. டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், மணிக்கட்டை மேஜையில் வைக்காமல் கொசுவர்த்திச் சுருள் மாதிரி வரையச் சொன்னார் (என் சுருளைப் பார்த்து எனக்கே சிரிப்பு). அப்புறம் கேள்விகள். ஒரு நாளைக்கு எத்தனை டீ? கடையில் உட்கார்ந்திருக்கிறவன், ஏழு எட்டு ஆகிவிடும். தூக்கம்? சிகரெட்? சுகர் இருக்கிறதா, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் நடுக்கம் கூடுகிறதா? தைராய்டு பார்த்ததுண்டா? வீசிங்குக்கு நான் அடிக்கிற சால்பூட்டமால் பஃப்கூடக் கையை நடுங்க வைக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா நிறுத்திவிடக் கூடாது, எத்தனை தடவை தேவைப்படுகிறது என்று குறித்துக்கொண்டு நெஞ்சு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்கு இருந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷன், பந்தியில் சாம்பார் வாளி ஆடுவதைப் பார்த்து ஊரே குடிகாரன் என்றது. இது எசென்ஷியல் ட்ரெமர், நிறையக் குடும்பங்களில் வழிவழியாக வருவது, அப்படி வரும்போது பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு என்றார் டாக்டர். வயது 40 தாண்டினால் அதிகம் தென்படுமாம், எனக்கு 47. பார்க்கின்சன் என்கிற நரம்பு நோயில் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது ஆடும், உங்களுக்கு ஒன்றைப் பிடிக்கும்போதுதான் ஆடுகிறது என்று விளக்கினார். ரெண்டு பெக் போட்டால் நின்றுவிடுகிறது என்று தினமும் ஆரம்பிக்கிறவர்கள் உண்டாம், போதை இறங்கியதும் முன்னைவிட அதிகமாக நடுங்குமாம். அது எனக்குத் தேவைப்படாத அறிவுரை, ஆனாலும் சொன்னது நல்லதுதான்.

நடுக்கத்துக்கு வழக்கமாகக் கொடுக்கிற ப்ராப்ரனலால் என்ற மாத்திரை வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது என்று எழுதவில்லை. தைராய்டு டெஸ்ட் மட்டும் எடுக்கச் சொன்னார், நார்மல். ஃபீஸ் 500, ஸ்கேன் இல்லை.

இரண்டு மாதமாக டீ இரண்டோடு சரி, 11 மணிக்குப் படுக்கை. நடுக்கம் போய்விடவில்லை, போகாது என்று அவரே சொல்லிவிட்டார். டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடிகிறது. செக்கில் மட்டும் இன்னும் இழுக்கிறது.

போகிறவர்கள் சாப்பிடுகிற மாத்திரை, பஃப் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். வண்டி நிறுத்த இடமில்லை, ஆட்டோவில் போவது உத்தமம்.