கிட் கார் கட்டலாமா, பழைய ஹெரால்டைப் பிரித்துப் பூட்டலாமா?

வீட்டிலேயே ஒரு காரைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குத் தெரிந்த வண்டிப் பிரியர்கள் பலருக்கு உண்டு. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் அந்த ஆசையோடு பேச வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கட்டி முடித்த பிறகு அதை எங்கே ஓட்டப் போகிறீர்கள்? ஈ.சி.ஆரில் குடும்பத்தோடு மரக்காணம் வரை போய்வர வேண்டுமா, இல்லை கட்டுகிற வேலைதான் உங்களுக்குப் பெரிதா? பதிலைப் பொறுத்து வழியே மாறிவிடும். பணம், இடம், கருவி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார். அந்தப் பழக்கம் பிரிட்டனில் வேர்விட்டது. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற தாழ்வான, திறந்த இரண்டு இருக்கைக் காரை லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் பாகங்களாகவும் விற்றார். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும், பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வேண்டாம். 1973-இல் அந்த வரி போய் வாட் வந்தது, சலுகையும் போனது. செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். வரிச் சலுகை போன பிறகும் பழக்கம் நிற்கவில்லை. வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்க அங்கே தனி ஏற்பாடு இருக்கிறது. சோதனை மையத்தில் பிரேக், விளக்கு, கூரான விளிம்பு என ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாக இருந்தால் நம்பர் கொடுப்பார்கள்.

நம் நாட்டில் தனி ஆளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. புது வண்டியைப் பதிய விற்பனைச் சான்றான படிவம் 21 வேண்டும், தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22-உம் வேண்டும். படிவம் 22 தருகிறவர் தன் மாடலை மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்பில் சோதித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கிறவர்களுக்கான நடைமுறை அது. ஒரே ஒரு காருக்காக அந்தச் செலவை யாரும் செய்ய முடியாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கிட் வரவழைக்கும் யோசனையை இத்தோடு விட்டுவிடலாம். சுங்கமும் கட்டி, பூட்டியும் முடித்து, கடைசியில் ஷெட்டிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

‘பழைய மாருதி ஒன்றின் ஆர்.சி. இருக்கிறது, அதன் என்ஜினைப் புதுச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஏற்றி அதே நம்பரில் ஓட்டிவிடலாமே’ என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ். ஆர்.சி.யில் இருக்கும் வண்டியும் ரோட்டில் ஓடும் வண்டியும் வேறு வேறு என்றால், ஒருவர் மேல் மோதிவிட்ட அன்று நிறுவனம் கையை விரித்துவிடலாம். நஷ்டஈடு உங்கள் வீட்டின் மேல் வந்து நிற்கும்.

அப்படியானால் மிஞ்சுவது உண்மையில் இரண்டு வழிகள். ஒன்று, ரோட்டுக்கு வராத வண்டியைச் சொந்தமாகக் கட்டுவது. இன்னொன்று, உயிருள்ள ஆர்.சி.யோடு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற பழைய கார் ஒன்றை வாங்கி, கடைசி போல்ட் வரை பிரித்து, திரும்பப் பூட்டுவது. பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றுவதையும் சிலர் கேட்கிறார்கள். ஏ.ஐ.எஸ். 123 தரத்தின்படி ஒப்புதல் பெற்ற கிட்டை, அதற்கு அனுமதி உள்ளவர்களே பொருத்த வேண்டும். அதில் வீட்டில் நாம் செய்ய மிச்சம் அதிகம் இருக்காது.

சொந்தச் சேசிஸ், ஆம்னி என்ஜின்

செவன் மாதிரியான வண்டிக்கு என்ஜின் முன்னால் நீளவாக்கில் இருந்து பின் சக்கரத்தை ஓட்ட வேண்டும். மாருதி 800-இல் என்ஜின் குறுக்குவாக்கில் இருக்கிறது, இழுப்பது முன் சக்கரம். அதனால் நம் ஊரில் கைக்கு எட்டுவது மாருதி ஆம்னி வேன்தான். 796 சிசி, மூன்று சிலிண்டர், என்ஜினுக்குப் பின்னாலேயே கியர்பாக்ஸ், அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னால் ஒரே துண்டு ஆக்சில். 2019 வரை உற்பத்தியில் இருந்ததால் ஸ்பேருக்கு அலைய வேண்டாம். காயலாங்கடையிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ முழு செட்டாகவே கேட்டுப் பார்க்கலாம். கழித்துக்கட்டும் ஆம்னியை நீங்களே வாங்கிப் பிரித்தால், 55-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து அதன் ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள்.

செவன் வகைச் சேசிஸுக்கு 25 மில்லிமீட்டர், 1.6 மில்லிமீட்டர் கனத்தில் ஸ்குவேர் டியூப் போதும். பைப்புக்கு ஆகும் பணம் மொத்தச் செலவில் சிறியது. பணத்தை விழுங்குவது டயர், பிரேக் லைன், ரேடியேட்டர், ஸ்டியரிங் இணைப்பு, அப்புறம் ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் லேத் பட்டறைக்கு நடக்கிற நடை. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் பக்கத்தில் இருப்பது புதுச்சேரிக்காரர்களுக்கு வசதி.

வெல்டிங்கில்தான் ஆளின் பொறுமை தெரியும். ஒரு மூலையை முழுதாக அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், சூடு இழுத்து மொத்தச் சட்டமும் கோணிக்கொள்ளும். தட்டையான மேஜையில் எல்லா மூலைக்கும் முதலில் டேக் (சின்னப் பொட்டு ஒட்டு) மட்டும் போட்டு, மூலைவிட்டம் இரண்டையும் டேப் வைத்து அளந்து, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். கடற்கரை ஊருக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. கோடையில் நண்பகல் தாண்டியதும் கடற்காற்று ஏறிவிடும். கேஸ் வைத்து அடிக்கிற மிக் வெல்டிங்கில் அந்தக் காற்று கேஸைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒட்டு மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் உள்ளே ஊசி குத்தியதுபோல் பொடிப்பொடி ஓட்டைகள். சஸ்பென்ஷன் தாங்குகிற இடத்தில் அப்படி ஓர் ஒட்டு இருக்கவே கூடாது. காலையில் வெல்டிங்கை முடித்துக்கொள்ளுங்கள், மதியத்தை அளவெடுக்கவும் பைப் வெட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். சேசிஸின் முக்கிய ஒட்டுகளை, உங்கள் கை எவ்வளவு பழகியிருந்தாலும், தொழில்முறை வெல்டர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கட்டிய வண்டியை எங்கே ஓட்டுவது? சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி அமைத்த சிறப்பு வகை வண்டி வராது. பண்ருட்டிப் பக்கம் வேலி போட்ட முந்திரித் தோப்பு இருக்கிற குடும்பம் என்றால் தாழ்வான செவனை மறந்துவிட்டு, உயரமான பக்கி (மண்தரையில் ஓடும் திறந்த வண்டி) கட்டுங்கள். செம்மண்ணில் அதுதான் ஓடும். தோப்பு இல்லாதவர்கள் டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே அனுமதி கிடைக்க ரோல் கேஜ் (கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு), சீட் பெல்ட், தீயணைப்பான் என்று அவர்கள் கேட்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். வண்டியை வரைவதற்கு முன்பே அந்தப் பட்டியலை வாங்கி வந்துவிடுவது நல்லது.

இந்த வழியில் நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். பெரும் செலவில்லாமல் இளைஞர்கள் பந்தயத்துக்கு வர அது வழி திறந்தது. 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிப்பாளையத்துத் தடத்துக்கு அவர் பெயர்தான். அங்கே ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வருகிறார்கள். பைப் வாங்குவதற்கு முன் ஒரு தடவை போய், அந்த வண்டிகளின் ஒட்டுகளையும் பிராக்கெட்டுகளையும் கிட்டத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். படம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாத பல விஷயங்கள் அங்கே தெரியும்.

ஹெரால்ட்

பழைய கார் என்றதும் அம்பாசடரும் பத்மினியும்தான் நினைவுக்கு வரும். இரண்டிலும் பாடியே சேசிஸ். கதவுக்கு அடியில் துரு ஏறினால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. வீட்டில் பிரித்துப் பூட்டுகிற வேலைக்கு அவை ஏற்றவை அல்ல. ஜீப்புக்குத் தனிச் சேசிஸ் உண்டு, ஸ்பேரில் அதை எதுவும் அடிக்க முடியாது. ஆனால் ஒரிஜினல் பாடியோடும் ஒரிஜினல் என்ஜினோடும் ஆர்.சி.க்குப் பொருந்துகிற ஜீப்பாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

என் மனம் போவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத்தான். 1961 முதல் சென்னையில் தயாரான கார். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்ட்தான் மூலம். அந்தக் காலத்தில் டிரையம்ஃப் நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் 1953-இல் வாங்கிவிட்டது. முழுப் பாடியை ஒரே துண்டாக அடிக்க வழியில்லாமல், தனிச் சேசிஸ் போட்டு, பாடியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக போல்ட்டில் பூட்டும்படி வடிவமைத்தார்கள். பாகங்களாகக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டவும் அது தோதாக இருந்தது. பிற்பாடு பிரிட்டனில் பலர் இந்தச் சேசிஸின் மேலேயே கிட் கார் பாடிகளை ஏற்றினார்கள். கிட் காரில் கிடைக்கிற அனுபவம், அதாவது வெறும் சேசிஸில் தொடங்கி ஒவ்வொரு பாகமாக ஏற்றுகிற அந்த வேலை, இதில் அப்படியே இருக்கிறது. கூடவே நம்பரும் இருக்கிறது.

பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்தால் பானட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் கவிழும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் வேலை பார்க்கலாம். 948 சிசி என்ஜின் சின்னது, ஒரு செயின் பிளாக் போதும். பாடியும் முன்பாதி பின்பாதி என்று பிரியும், ஆள் சேர்ந்தால் கிரேன் இல்லாமலே தூக்கி வைக்கலாம். குறையும் உண்டு. பின்னால் ஸ்விங் ஆக்சில், வேகமாக வளைத்தால் பின் சக்கரம் உள்ளே மடிய வாய்ப்புண்டு. நிதானமாக ஓட்ட வேண்டிய கார். ரப்பர் பீடிங், குரோமியம் வேலை, கண்ணாடி இவற்றுக்கு அலைச்சலும் செலவும் அதிகம். என்ஜின் பாகங்கள் பிரிட்டனில் இன்னும் விற்பனைக்குக் கிடைக்கின்றன, வரவழைக்கலாம்.

பதிவுக்கு இரண்டு வழி. ஆர்.சி. நடப்பில் இருந்தால் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்குக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இன்னொன்று 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி. 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றும் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். பத்தாண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். மரக்காணம் வரை குடும்பத்தோடு போக ஆசைப்படுகிறவருக்கு முதல் வழிதான் சரி.

சொந்தச் சேசிஸ், ஹெரால்ட் இரண்டுக்கும் பொதுவான ஓர் எதிரி உப்புக்காற்று. முத்தியால்பேட்டையிலோ கடலூர்த் துறைமுகப் பக்கமோ தேய்த்துப் பளபளவென்று வைத்த தகடு மறுநாளே பழுப்பேறத் தொடங்கும். தேய்த்த அன்றே பிரைமர் அடியுங்கள். அதனால் மொத்தப் பாடியையும் ஒரே மூச்சில் சுரண்டிப் போடாமல், அன்றைக்கு முடிகிற அளவு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான தெருவில் வீடு என்றால் பிரித்த என்ஜினும் கியர்பாக்ஸும் தரையில் கிடக்கவே கூடாது, இடுப்பு உயரத்துக்கு ஆங்கிள் ராக் அடித்து அதில் ஏற்றிவிடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை சொந்தச் சேசிஸ் வழிக்கு ஒரு கார் நிற்கிற இடம் போதும். ஹெரால்டுக்கு இரண்டு கார் இடம் வேண்டும், சேசிஸ் ஒருபக்கம், கழற்றிய பாடி ஒருபக்கம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவீடு என்றால் இரவில் கிரைண்டர் ஓட்ட முடியாது. அதையும் கணக்கில் வையுங்கள்.

முதல்முறை இறங்குகிறவர், ரோட்டில் ஓட்ட ஆசை உள்ளவர் என்றால், ஹெரால்டையே தேடச் சொல்வேன். வெல்டிங் நன்றாக வரும், தோப்பும் இருக்கிறது என்பவர் தயங்காமல் பக்கி கட்டலாம், அதில் கிடைக்கும் படிப்பு வேறு எதிலும் கிடைக்காது. ஹெரால்ட் பார்க்கப் போகும்போது சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். முதலியார்பேட்டையில் எனக்குத் தெரிந்த டிங்கரிங் மேஸ்திரி சொல்வார்: “தம்பி, பெயின்டைப் பார்க்காதீங்க, அடியில படுத்துப் பாருங்க.” பாடியைத் தாங்க சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்று கேட்டால் இரும்பு. ‘தொப்’ என்று கேட்டால் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள், அந்தக் கைகளைப் புதிதாக அடித்து வைக்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

தை, மாசியில் வாங்கினால் வெயில் காலம் முழுக்க பிரிப்பதற்கும் சேசிஸ் வேலைக்கும் கிடைக்கும். ஐப்பசி மழைக்கு முன் சேசிஸில் எபாக்சி பிரைமர் ஏறியிருக்க வேண்டும். மழை மாதங்களில் என்ஜினையும் வயரிங்கையும் உள்ளே வைத்துப் பாருங்கள், பாடி பெயின்டை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளலாம்.