ஷேர்பாயின்ட் 2016, 2019-க்கு அடுத்து எது? எஸ்இ, ஆன்லைன், நெக்ஸ்ட்கிளவுட் ஓர் அலசல்

அலுவலக ஃபைல்கள், படிவங்கள், ஒப்புதல்களை ஓரிடத்தில் வைக்கும் மென்பொருளான ஷேர்பாயின்ட் சர்வரின் 2016, 2019 பதிப்புகள் இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஆதரவுக் கெடு ஒரே நாள்தான்: 2026 ஜூலை 14. அதற்குப் பிறகும் சர்வர் ஓடும், சைட் திறக்கும், யாரும் வந்து பூட்டப் போவதில்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் மட்டும் வராது. அந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்பது 2025 ஜூலையில் ஃபார்ம் (ஷேர்பாயின்ட் ஓடும் சர்வர் தொகுதி) வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கதை கீழே வருகிறது.

அடுத்து எங்கே போவது என்று கேட்டால் மூன்று பெயர்கள் அடிபடுகின்றன. சொந்த சர்வரிலேயே இருக்க சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன், சுருக்கமாக எஸ்இ. மைக்ரோசாஃப்ட் 365-க்குள் இருக்கும் ஷேர்பாயின்ட் ஆன்லைன். மைக்ரோசாஃப்ட் சகவாசமே வேண்டாம் என்பவர்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்ற திறந்தமூல ஃபைல் பகிர்வு மென்பொருள்.

வசதிகளை வரிசையாகப் போட்டு டிக் அடித்த அட்டவணைகள் இணையத்தில் ஏராளம். அவற்றை வைத்து முடிவெடுக்க முடியாது. உங்கள் பழைய சர்வரில் வெறும் ஃபைல்கள் கிடக்கின்றனவா, இல்லை படிவங்களும் ஒப்புதல்களும் தினமும் ஓடுகின்றனவா என்பதுதான் விஷயம். ஃபைலை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். விடுப்பு விண்ணப்பம், பர்ச்சேஸ் ஒப்புதல், பயணப்படி என்று யாரோ ஒருவர் என்றோ எழுதிவிட்டுப் போன வொர்க்ஃப்ளோக்கள் அவ்வளவு சுலபமாகக் கிளம்பாது.

எஸ்இ: இன்ஸ்டால் செய்வதில் இல்லை கஷ்டம்

எஸ்இ 2021 நவம்பரில் வந்தது. 2016, 2019 இரண்டிலிருந்தும் நேராக வரலாம். 2013-இலேயே இருப்பவர்கள் நடுவில் 2016 அல்லது 2019-இல் இறங்கித்தான் ஏற வேண்டும். எந்தப் பதிப்பிலிருந்து வந்தாலும், இருக்கும் சர்வரின் மேலேயே புதியதைப் போடும் வழி கிடையாது. புது ஃபார்ம் கட்டி, ஃபைல்களும் பக்கங்களும் இருக்கும் பழைய கன்டென்ட் டேட்டாபேஸை பேக்கப் எடுத்து, புது எஸ்க்யூஎல் சர்வரில் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) ரீஸ்டோர் செய்து இணைக்க வேண்டும்.

ஃபார்ம் கட்டுவது பழகியவருக்கு ஒரு நாள் வேலை. பழகாதவரை முதலில் தடுத்து நிறுத்துவது எஸ்க்யூஎல்-இன் 'மேக்ஸ் டிகிரி ஆஃப் பேரலலிசம்' அமைப்பு, அதாவது ஒரு வேலையை எத்தனை ப்ராசஸரில் பிரித்து ஓட்டலாம் என்ற எண். அது 1 என்று இருந்தாக வேண்டும். இன்ஸ்டால் செய்யும் கணக்குக்கு அதை மாற்றும் உரிமை இல்லையென்றால் விஸார்ட் அங்கேயே நின்றுவிடும். டேட்டாபேஸ் குழு தனியாக இருக்கும் அலுவலகங்களில் இந்த ஒரு எண்ணை மாற்ற ஒரு டிக்கெட், அதற்கு ஒரு மீட்டிங்.

அசல் வேலை அதற்குப் பிறகுதான். ரீஸ்டோர் செய்த டேட்டாபேஸை இணைக்கும் முன் பவர்ஷெல்லில் டெஸ்ட்-எஸ்பிகன்டென்ட்டேட்டாபேஸ் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் ஃபீச்சர், மிஸ்ஸிங் வெப்பார்ட் (பக்கத்தில் பொருத்தும் துண்டு), மிஸ்ஸிங் செட்டப்ஃபைல் என்று பக்கம் பக்கமாக வரும். ஒவ்வொன்றும் எப்போதோ ஒரு வெண்டர் போட்டுவிட்டுப் போன சொல்யூஷனின் (கூடுதல் நிரல்) மிச்சம். பெரும்பாலானவற்றின் எதிரே 'அப்கிரேட் பிளாக்கிங்: ஃபால்ஸ்' என்று இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாகி மேலே போய்விடக் கூடாது. டேட்டாபேஸ் ஏறிவிடும், அந்த வெப்பார்ட் இருக்கும் பக்கம்தான் திறக்காது. திங்கட்கிழமை காலை எச்ஆர் தலைவர் திறக்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி அந்த ஜூலைக் கதை. 2025 ஜூலை 19, சனிக்கிழமை. சொந்த சர்வரில் ஓடும் ஷேர்பாயின்ட்களைக் குறிவைத்துத் தாக்குதல் நடப்பதாக மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. 'டூல்ஷெல்' என்று பெயர் பெற்ற அந்தத் தாக்குதலின் மையத்தில் இருந்த ஓட்டை சிவிஇ-2025-53770. உள்ளே நுழைய பாஸ்வேர்டே தேவையில்லை. அதே மாதம் 8-ஆம் தேதி வந்த பேட்ச் முழுமையாக அடைக்கவில்லை. அவசர பேட்ச்கள் 20, 21 தேதிகளில் வந்தன. அவற்றைப் போட்டாலும் வேலை முடியவில்லை. தாக்கியவர்கள் சர்வரின் மெஷின் கீயை ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தால், பேட்சுக்குப் பிறகும் அதே சாவியை வைத்து உள்ளே வரலாம். எனவே கீயை மாற்றி, எல்லா சர்வரிலும் வெப் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்-ஐ ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. ஷேர்பாயின்ட் ஆன்லைனுக்கு இதில் எந்தப் பாதிப்பும் இல்லை.

எஸ்இ எடுக்க நினைப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: அப்படி ஒரு சனிக்கிழமை உங்கள் அலுவலகத்தில் யார் போனை எடுப்பார்? பதில் ஒரு பெயராக இல்லாமல் 'வெண்டரிடம் சொல்வோம்' என்று வந்தால் எஸ்இ வேண்டாம்.

எஸ்இ-யில் இனி 2016, 2019 என்று பெரிய பதிப்புத் தாவல்கள் இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை புதிய வசதிகள், மாதாமாதம் பேட்ச். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓராண்டுக்கு மேல் பழைய அப்டேட்டில் உட்கார்ந்திருந்தால் ஆதரவு கிடையாது. நிறுத்தாமல் பேட்ச் போடவும் வழி இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு ரோலிலும் (பணிப் பிரிவு) இரண்டு சர்வராவது வேண்டும், அதாவது ரோல்கள் இரண்டே என்றாலும் எஸ்க்யூஎல் நீங்கலாகக் குறைந்தது 4. ஒற்றை சர்வர் ஃபார்ம் வைத்திருப்பவர்களுக்கு ஞாயிறு இரவுதான் கதி.

ஆன்லைன்: சர்வர் போச்சு, கெடு வந்தது

ஆன்லைனில் இன்ஸ்டால் என்று ஒன்று இல்லை. லைசென்ஸ் வாங்கினால் சைட் ரெடி. ஃபைல்களை ஏற்ற மைக்ரோசாஃப்டின் மைக்ரேஷன் டூலே இலவசமாகக் கிடைக்கிறது. பகலில் ஓட்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இரவிலும் வாரக்கடைசியிலும் ஓட்டுங்கள்.

இடத்தைக் கணக்கிடும்போது கவனம் வேண்டும். நிறுவனத்துக்கு 1 டிபி, அதன் மேல் ஒரு லைசென்ஸுக்கு 10 ஜிபி. 300 பேர் என்றால் சுமார் 4 டிபி. தாராளம் போலத் தெரியும். சொந்த சர்வரில் ஒரு ஃபைலின் பழைய வெர்ஷன்களில் மாறிய துண்டுகள் மட்டுமே டேட்டாபேஸில் சேரும். ஆன்லைனில் ஒவ்வொரு வெர்ஷனும் முழு அளவில் கணக்கில் ஏறும். 20 எம்பி பிரசன்டேஷன் ஒன்றை வழக்கமான 500 வெர்ஷன் வரம்பு வரை திருத்தித் திருத்திச் சேமித்தால் அது மட்டுமே 10 ஜிபி, அதாவது ஒரு ஊழியரின் பங்கு காலி. ஏற்றுவதற்கு முன்பே வெர்ஷன் வரம்பைக் குறைத்துவிடுவது நல்லது.

சொந்த சர்வரில் கைவைக்க முடிந்த சில திருகுகள் இங்கே இல்லை. லிஸ்டில் (ஷேர்பாயின்ட்டின் அட்டவணை) ஒரே வியூவில் 5,000 வரிசைக்கு மேல் இழுத்தால் தடுக்கும் வரம்பு இரண்டிலும் உண்டு. சர்வரில் அட்மின் அதை உயர்த்தலாம், இரவு நேரத்துக்கு மட்டும் தளர்த்தலாம். ஆன்லைனில் 5,000 என்றால் 5,000தான்; இன்டெக்ஸ் போட்டு, ஃபில்டர் போட்டு ஒழுங்காக வடிவமைக்க வேண்டும். (ஒரு வகையில் இது நல்லதற்கே. வரம்பை உயர்த்தி உயர்த்தி எஸ்க்யூஎல்-ஐ மூச்சுத் திணறவைத்த அட்மின்கள் குறைவில்லை.)

இங்கே உண்மையான விலை வொர்க்ஃப்ளோ. ஷேர்பாயின்ட் 2010 வகை வொர்க்ஃப்ளோக்களை ஆன்லைனில் 2020 நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். 2013 வகைக்குக் கெடு 2026 ஏப்ரல் 2. எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்டின் இன்றைய வொர்க்ஃப்ளோ கருவியான பவர் ஆட்டோமேட்டில் புதிதாக எழுத வேண்டும். எழுதியவுடன் ஒரு வித்தியாசம் உறைக்கும்: பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஓட்டத்துக்கு ஆயுள் 30 நாள். மேலாளர் மருத்துவ விடுப்பில் 6 வாரம் போனால், அவர் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பர்ச்சேஸ் கோரிக்கை சத்தமில்லாமல் செத்துவிடும். பழைய சர்வரில் அது மாதக்கணக்கில் காத்திருக்கும். வழி இருக்கிறது: நிலையை லிஸ்டின் ஒரு நெடுவரிசையில் எழுதிவைத்து, தினமும் ஓடும் இன்னொரு ஃப்ளோவால் நினைவூட்ட வேண்டும். ஆனால் இது மாற்றம் இல்லை, மறுபடி எழுதுவது. அதற்கு நாள் ஒதுக்காத திட்டம் தேதியில் முடியாது.

எஸ்இ-யில் 2013 வொர்க்ஃப்ளோக்கள் தொடர்ந்து ஓடும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் அவற்றைத் திருத்த உதவும் ஷேர்பாயின்ட் டிசைனர் 2013-க்கும், படிவம் வரையும் இன்ஃபோபாத் 2013-க்கும் அதே 2026 ஜூலை 14தான் கடைசி நாள். வொர்க்ஃப்ளோ ஓடும், அதைத் திருத்தும் கருவிக்கு ஆதரவு இருக்காது. எஸ்இ இங்கே தருவது அவகாசம்தான்.

டேட்டா நாட்டைவிட்டுப் போகுமா என்று நிர்வாகம் கேட்கும். புனே, மும்பை, சென்னையில் மைக்ரோசாஃப்டுக்கு டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. உங்கள் கணக்கின் டேட்டா எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்கவே வேண்டாம். அட்மின் சென்டரில் நிறுவன அமைப்புகளுக்குள் 'டேட்டா லொகேஷன்' என்ற பக்கம் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகக் காட்டும். அதை பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் விவாதம் பாதியாகக் குறையும்.

கற்பவர்களுக்கு

எஸ்இ, ஆன்லைன் இரண்டில் எதைப் படிப்பது என்று வேலை தேடும் பிள்ளைகள் கேட்பது உண்டு. எஸ்இ படிப்பது கனமானது, ஆனால் கையில் கிடைக்கும். விண்டோஸ் சர்வர், ஷேர்பாயின்ட் இரண்டுக்கும் 180 நாள் டிரையல் உண்டு. எஸ்க்யூஎல் டெவலப்பர் எடிஷன் இலவசம். 32 ஜிபி ரேம் உள்ள மெஷினில் யூசர் கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலரோடு ஒரு குட்டி ஃபார்ம் எழுப்பிவிடலாம். வேண்டுமென்றே ஒரு சர்வீஸை நிறுத்தி, எர்ரர் பக்கம் கொடுக்கும் கோரிலேஷன் ஐடியை (அந்த எர்ரருக்கான அடையாள எண்) எடுத்து, '16' ஃபோல்டருக்குள் இருக்கும் லாக்கில் தேடிப் பிடிக்கப் பழகுங்கள். 2016, 2019, எஸ்இ மூன்றிலும் அதே 16தான். இந்த ஒரு பழக்கம் நேர்முகத் தேர்வில் உங்களைக் காப்பாற்றும்.

ஆன்லைனைக் கற்பது தொடங்குவதற்கு எளிது, தொடர்வதற்குக் கடினம். யாருக்கும் கிடைத்துக்கொண்டிருந்த இலவச டெவலப்பர் கணக்கை 2024 தொடக்கத்தில் விஷுவல் ஸ்டுடியோ சந்தாதாரர் போன்ற சிலருக்கு என்று சுருக்கிவிட்டார்கள். பாடங்களும் சீக்கிரம் பழசாகின்றன. ஆன்லைனை நிர்வகிக்க உதவும் கட்டளைத் தொகுப்பான பிஎன்பி பவர்ஷெல் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்த ஆப்பை 2024 செப்டம்பரில் நீக்கியது. அதன் பிறகு அவரவர் கணக்கில் சொந்த ஆப் பதிவு செய்தால்தான் லாகின் ஆகும். அதற்கு முன் எழுதப்பட்ட பயிற்சிகளை அப்படியே தட்டினால் முதல் வரியிலேயே எர்ரர். தேதி பார்க்காமல் எந்தப் பாடத்தையும் பின்தொடராதீர்கள்.

நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: வெப்பார்ட் எழுதும் கருவித்தொகுப்பான ஷேர்பாயின்ட் ஃபிரேம்வொர்க்கில் எஸ்இ இன்னும் 1.5.1 பதிப்பில் நிற்கிறது. ஆன்லைனுக்காக இன்று எழுதும் வெப்பார்ட் அதில் ஏறாது.

நெக்ஸ்ட்கிளவுட்

2016-இல் ஓன்கிளவுட் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. லினக்ஸ், பிஎச்பி, மரியாடிபி தெரிந்த ஒருவர் இருந்தால் ஒரு மதியத்தில் எழுப்பிவிடலாம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு ஷேர்பாயின்ட்டை விட்டு இதற்கு மாறுவதாக 2024-இல் அறிவித்தது. ஏறக்குறைய 30,000 கணினிகளைத் தொடும் முடிவு அது. எனவே சின்ன இடங்களுக்கானது என்று ஒதுக்க முடியாது.

அப்கிரேடில் ஒரே ஒரு கண்டிப்பு: பெரிய பதிப்புகளில் ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது. மூன்று பதிப்பு பின்தங்கியிருந்தால் மூன்று முறை ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் பிஎச்பி பதிப்பு ஒத்துப்போகிறதா, கூடுதல் ஆப்கள் எழும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆவணத்தை உலாவியிலேயே திருத்த கொலபோராவோ ஒன்லிஆஃபிஸோ தனியாக வேண்டும்.

ஃபைல் பகிர்வுக்கு இது அருமை. தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கும் ஒரு லாபம். பழைய சர்வரின் நேரடி லிங்க்கில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக நீண்டு, மெயிலில் பாதியில் உடையும். இங்கே பகிர்வு லிங்க் சின்ன டோக்கனாக வரும். (ஆன்லைனும் அப்படித்தான்.) ஆனால் ஷேர்பாயின்ட் லிஸ்ட்டுக்கு ஈடாக இருக்கும் டேபிள்ஸ், ஒப்புதல் ஆப் ஆகியவற்றை நம்பி ஒரு பர்ச்சேஸ் துறையை ஓட்ட என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

என் தேர்வைக் கேட்டால்: முழுநேர அட்மின் இல்லாத, ஒப்புதல்கள் ஓடும் எந்த நிறுவனத்துக்கும் ஆன்லைன். ஃபைல் மட்டும் என்றால், லினக்ஸ் ஆள் இருந்தால், நெக்ஸ்ட்கிளவுட். வெளியே விட முடியாத டேட்டாவும், பேட்ச் போட ஆளும், பழைய ஃபார்ம் சொல்யூஷன்களும் மூன்றும் சேர்ந்து இருந்தால் மட்டும் எஸ்இ. எதுவானாலும் கொட்டேஷன் கேட்பதற்கு முன் வொர்க்ஃப்ளோக்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் கடைசியாக ஓடிய தேதியை எதிரே எழுதுங்கள். ஓராண்டாக ஓடாததை அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதற்கு மட்டும் வெண்டரிடம் விலை கேளுங்கள்.