பூனை இடுப்பு: இடம் விடும் அறுவையா, பூட்டுப் போடும் அறுவையா?

அலமாரி உச்சிக்கு ஒரே தாவலில் போன பூனை, இப்போது கட்டிலில் ஏறவே யோசிக்கிறது. வாலைத் தூக்குவதில்லை, இடுப்பைத் தொட்டால் சீறுகிறது, மலம் கழிக்க முக்குகிறது. வயசாயிடுச்சு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஏழாவது இடுப்பு முதுகெலும்பும் அதற்குப் பின்னால், வாலுக்கு முன்னால் உள்ள திருவெலும்பும் சேரும் மூட்டு தேய்ந்தோ தளர்ந்தோ இருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

லேசான வலி என்றால் சில வாரம் ஓய்வு, நரம்பு வலிக்குக் காபாபென்டின், சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மெலாக்சிகாம். பாராசிட்டமால் மட்டும் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம். இதற்கு மசியாவிட்டால்தான் கத்தி.

லேமினெக்டமி என்பது முதுகெலும்பின் கூரையைச் செதுக்கி, நசுங்கிய நரம்புகளுக்கு இடம் விடுவது. பிதுங்கிய டிஸ்க்கையும் எடுத்துவிடலாம். உள்ளே உலோகம் எதுவும் தங்காது. ஆனால் பக்கவாட்டு மூட்டுகளையும் சேர்த்து வெட்ட நேர்ந்தால், ஏற்கெனவே தளர்ந்தது இன்னும் தளரும்.

இன்னொன்று, உலோக ஊசி (பின்) அல்லது திருகு செருகி, எலும்பு சிமெண்ட் வைத்து மூட்டைப் பூட்டுவது. வண்டி மோதியோ மாடியிலிருந்து விழுந்தோ எலும்பு விலகிய பூனைக்குப் பெரும்பாலும் இதுதான். நாய்களுக்குச் செய்து பழகிய கைக்கும் இது எளிதல்ல. திருகு பிடிக்க இருக்கும் எலும்பு அவ்வளவு சிறியது. அதோடு, தண்டுவடம் பெரும்பாலான நாய்களில் இந்த மூட்டுக்கு முன்பே முடிந்துவிடும். பூனையில் திருவெலும்புவரை போகும். திருகு தடம் மாறினால் சேதம் பெரிது. சிமெண்ட் இறுகும்போது சூடாகும் என்பதால் உப்புநீர் விட்டுக் குளிர்விப்பார்கள். அதில் கிருமி தொற்றிவிட்டால் மருந்தால் மட்டும் தீர்ப்பது கடினம், கழற்ற வேண்டிவரலாம்.

நான் எதன் பக்கம் என்றால், மூட்டு ஆடுகிறதா என்று பார்த்துத்தான் சொல்வேன். இடுப்பை மடக்கியும் நீட்டியும் எடுத்த படங்களில் எலும்பு நகர்ந்தால், கூரையை மட்டும் எடுப்பது அரைவேலை, பூட்டும் வேண்டும். நகராமல் நரம்பு மட்டும் நசுங்கியிருந்தால் அவ்வளவு சின்ன உடம்பில் எதற்கு உலோகம்? நசுக்கத்தை எம்ஆர்ஐ காட்டும்; எலும்பு உடைந்திருந்தால் சிடி ஸ்கேன் தெளிவு.

எதைச் செய்தாலும் அப்புறம் சில வாரம் கூண்டுதான். சத்தியமாக, அறுவையைவிட அதுதான் பெரிய பாடு.

தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வாலிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி இருக்கிறதா? சிறுநீர் தானாகப் போகிறதா? இரண்டுமே இல்லையென்றால் எந்த அறுவையிலும் நம்பிக்கை குறைவு.