நான்கு ஆம்ப், நான்கு ஸ்பீக்கர்: எந்த ஜோடி யாருக்கு?

கையால் கட்டிய கிட்டார் ஆம்ப் வாங்க நினைப்பவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். ஃபெண்டரின் பழைய ட்வீட் வகையா, மேட்ச்லெஸ் வகையா, ட்ரெயின்ரெக் வகையா, டம்பிள் வகையா? மணிக்கணக்காக வால்வுகளைப் பற்றிப் பேசுவார்கள், ட்ரான்ஸ்ஃபார்மர்களைப் பற்றிப் பேசுவார்கள். ஸ்பீக்கர் என்று வந்தால் மட்டும், பெட்டியில் எது இருக்கிறதோ அது போதும் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்த ஆம்ப்களைத் தனித்தனியாக நிறுத்தி ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். ஆம்பையும் அதற்கேற்ற ஸ்பீக்கரையும் சேர்த்து ஜோடி ஜோடியாகத்தான் எடைபோட வேண்டும். இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம், மின்சுற்றிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருக்கும். ஆனால் எல்லா அதிர்வெண்ணிலும் அது 8 ஓம் காட்டாது. கோன் இயல்பாகவே அதிரும் ஓர் இடம் உண்டு. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்களில் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். அந்த இடத்தில் மின்தடை பல மடங்கு ஏறிவிடும். அப்புறம் இறங்கி, ட்ரெபிள் பக்கம் போகப் போக மறுபடியும் ஏறும். ஆம்பில் நெகட்டிவ் ஃபீட்பேக் இருந்தால், வெளியே போகும் சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். அதனால் ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கம் ஓரளவு அடங்கும். ஃபீட்பேக் இல்லாத ஆம்பில் அந்த மேடுபள்ளம் அத்தனையும் டோனில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஆம்பில் ஸ்பீக்கரும் சுற்றின் ஒரு உறுப்புதான். நான் எடுத்துக்கொண்ட நான்கு ஜோடிகளில் முதல் இரண்டு இந்த இனம். மற்ற இரண்டிலும் ஃபீட்பேக் உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ட்வீட் டீலக்ஸும் ஜென்சனும்

ஃபெண்டரின் 5இ3 டீலக்ஸ் 1955-இல் வந்து 1960 வரை நீடித்த சுற்று. விக்டோரியா போன்ற சிறு பட்டறைகள் இன்றும் அதைக் கையால் கட்டுகின்றன. இரண்டு 6வி6 வால்வு, 5ஒய்3 ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் வால்வு), ஏறத்தாழ 12 வாட். இரண்டு வால்யூம் குமிழ், ஒரே ஒரு டோன் குமிழ், அவ்வளவுதான். இதைவிட எளிய ஆம்பைத் தேடினாலும் கிடைக்காது என்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் கதையே வேறு. நாம் செருகாத சேனலின் வால்யூமைத் திருப்பினாலும் டோன் மாறும், ஏனென்றால் இரண்டு குமிழ்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ராக் கலைஞர் நீல் யங் தன் 1959 டீலக்ஸின் குமிழ்களைத் திருப்புவதற்கென்றே ஒரு இயந்திரத்தைச் செய்வித்து அதன் தலைமேல் வைத்திருக்கிறார். குமிழ் ஒவ்வொரு இடத்தில் நிற்கும்போதும் அது வேறொரு ஆம்ப் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதன் பழைய ஜோடி ஜென்சன் பி12ஆர். சிறிய ஆல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம், லேசான கோன். ஆம்பின் ஒலி கரகரத்து உடையத் தொடங்கும் அதே நேரத்தில் ஸ்பீக்கரின் ஒலியும் உடையத் தொடங்கும், இந்த ஜோடியின் இனிமையே அங்கேதான் இருக்கிறது. ஓங்கி மீட்டினால் ரெக்டிஃபையர் சற்றுத் தொய்யும். நாதம் ஒரு கணம் அமுங்கி, பிறகு மெல்ல எழுந்து வரும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்போடு (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) இதைக் கேட்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

குறையும் இதே இடத்தில்தான். இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் வைத்த கிட்டாரில் கழுத்துப் பக்கப் பிக்கப்பைப் போட்டு வால்யூமை ஏற்றினால் அடித்தொனி குழைந்துவிடும். டிரம்ஸோடு வாசிக்கும்போது உடையாத, கிளீன் டோன் வேண்டும் என்றால் இந்த ஆம்பால் முடியாது. இதற்குப் பலரும் ஆம்பை மாற்ற ஓடுகிறார்கள். முதலில் ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள் என்பேன். 95 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், ஆம்பின் வாட்டை மூன்று மடங்காக்கியதற்குச் சமம். 12 வாட் ஆம்ப் 38 வாட் ஆம்ப்போல முழங்கும். செலஷன் ஆல்னிகோ புளூ அந்த 100 டெசிபல் வகைதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: புளூ தாங்குவது 15 வாட். 12 வாட் என்பது ஆம்ப் சுத்தமாகத் தரும் கணக்கு. குமிழை முழுக்கத் திருப்பி உடையவிட்டால் அது அதைவிட நிறையவே தள்ளும். ஆகவே முழுமூச்சில் வாசிப்பவர் ஒற்றைப் புளூவை நம்பக் கூடாது. ஸ்பீக்கரின் தாங்குதிறன் ஆம்பின் வாட்டைப் போல ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது.

மேட்ச்லெஸ் டிசி-30: இரண்டு வேறு ஸ்பீக்கர்கள்

நான்கில் எனக்கு மிகப் பிடித்தது இது. மார்க் சாம்ப்சனும் ரிக் பெரோட்டாவும் 1989-இல் கலிஃபோர்னியாவில் மேட்ச்லெஸ்ஸைத் தொடங்கினார்கள். அடிப்படை வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 ஆம்ப். நான்கு இஎல்84 வால்வு, கேத்தோடு பயஸ் (வால்வு தன் மின்னோட்டத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் முறை), நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது, 30 வாட். ஏசி30-இன் டோன் வேண்டும், ஆனால் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் வாசித்தாலும் பழுதாகக் கூடாது என்று நினைத்துக் கட்டிய பெட்டி.

இரண்டு சேனல். ஒன்றில் 12ஏஎக்ஸ்7 வால்வு, பேஸ், ட்ரெபிள் என்று வழக்கமான அமைப்பு. மற்றதில் இஎஃப்86 என்ற பென்டோடு (ஐந்து மின்முனை வால்வு). இந்த வால்வின் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம், நாதமும் தடிமனானது. ஆனால் அதிர்வு இதற்கு ஆகாது, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் வால்வே முனகத் தொடங்கும். வாக்ஸ் இதைக் கைவிட்டதற்குக் காரணமும் அதுதான். கைவிட்டதைத் திரும்ப எடுத்து, அதிர்வு சேராமல் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றாக உள்ள) பெட்டிக்குள்ளேயே பொருத்திக் காட்டியது பெரிய வேலை. அந்தச் சேனலுக்கு டோன் குமிழ்கூட இல்லை. ஆறு நிலை சுவிட்ச் ஒன்று இருக்கும், ஒவ்வொரு நிலையிலும் அடித்தொனி கூடும் அல்லது குறையும்.

சரி, ஸ்பீக்கருக்கு வருவோம். ஏசி30-இல் ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்கள். டிசி-30-இல் ஒரு ஜி12எம் கிரீன்பேக், ஒரு ஜி12எச்-30. இரண்டும் செலஷன், இரண்டும் 12 அங்குலம். ஆனால் கிரீன்பேக்கின் காந்தம் 35 அவுன்ஸ், ஜி12எச்சின் காந்தம் 50 அவுன்ஸ். கிரீன்பேக் நடுத்தொனியில் கரகரப்போடு சீக்கிரம் உடையும், மேல்பகுதி மிருதுவாக இருக்கும். ஜி12எச் அடித்தொனியை இறுக்கிப் பிடிக்கும், மேலே பளிச்சென்று கேட்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்புகிறது. ஃபீட்பேக் இல்லாத ஆம்பில் ஸ்பீக்கரின் ஒவ்வொரு மேடும் வெளியே தெரியும் என்று மேலே சொன்னேன். மேடுகள் வெவ்வேறு இடத்தில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களைப் போட்டால் எந்த ஒரு சுரமும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. ஒரு கார்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) முழுதாக மீட்டி, அதன் ஆறு தந்திகளையும் தனித்தனியாகக் காதில் பிரித்துக் கேட்க முடிகிறது என்றால் அதில் பெரும்பங்கு இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

தாங்குதிறன் கணக்கும் இங்கே சரியாக வருகிறது. இரண்டு ஸ்பீக்கரும் சக்தியைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். சிறியது 25 வாட் என்பதால் மொத்தம் 50 வாட் வரை பயமில்லை.

குறை? எடை. தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம், இதன் ட்ரெபிள் கூர்மையானது. பிரகாசமான பிரிட்ஜ் பிக்கப் வைத்திருப்பவர் கட் குமிழோடு பழக வேண்டும். அந்தக் குமிழ் வழக்கத்துக்குத் தலைகீழ், ஏற்ற ஏற்ற ட்ரெபிள் குறையும்.

ட்ரெயின்ரெக் எக்ஸ்பிரஸும் கிரீன்பேக்கும்

ட்ரெயின்ரெக்கை உருவாக்கிய கென் ஃபிஷர் முன்பு ஆம்பெக் என்ற ஆம்ப் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நியூ ஜெர்சியில் ஒவ்வொன்றாக ஆம்ப் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர் வைத்தார். 2006-இல் காலமானார். எக்ஸ்பிரஸ் அவருடைய பெயரை நிலைநிறுத்திய சுற்று. மூன்று 12ஏஎக்ஸ்7, இரண்டு இஎல்34. மாஸ்டர் வால்யூம் (உடைந்த ஒலியின் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) கிடையாது, சேனல் மாற்றும் சுவிட்ச் கிடையாது.

வரைபடத்தில் பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை. மாயமெல்லாம் ஒயர் போகும் பாதையில். கெய்ன் அவ்வளவு அதிகம் என்பதால் ஒரு ஒயரைச் சற்று நகர்த்தினாலும் ஆம்ப் ஊளையிடத் தொடங்கிவிடும், அல்லது உயிரில்லாமல் போய்விடும். ஃபிஷர் அந்த விளிம்பில் நிறுத்திக் கட்டினார். கையால் கட்டுவது என்ற சொல்லுக்கு இந்த நான்கில் மிகப் பொருத்தமான ஆம்ப் இதுதான் என்பேன். அதே பாகங்களை வைத்து வேறொருவர் கட்டினால் அதே ஆம்ப் வராது.

இதன் சிறப்பு கிட்டாரின் வால்யூம் குமிழில் இருக்கிறது. ஆம்பை ஏற்றி வைத்துவிட்டுக் கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் மணிபோல் கிளீன். ஏற்றினால் பாடும் ஓவர்டிரைவ். இரண்டுக்கும் நடுவில் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப எத்தனையோ படிகள். பெடல் இல்லாமல் வாசிக்க விரும்புகிறவருக்கு இதற்கு நிகர் கிடையாது.

கிரீன்பேக் இதற்கு ஏன் பொருந்துகிறது? எக்ஸ்பிரஸ் தானாகவே மேல்தொனியில் கூர்மையானது, மீட்டியதும் ஒலி எழும் வேகமும் அதிகம். கிரீன்பேக் அந்த முனையைக் கொஞ்சம் மழுக்கி நடுத்தொனிக்குக் கொண்டுவருகிறது. ஆனால் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆம்ப் ஏறத்தாழ 40 வாட், அதுவும் மாஸ்டர் இல்லாமல் முழுக்க ஏற்றி வாசிக்கும் ஆம்ப். இரண்டு கிரீன்பேக் என்றால் 50 வாட், போதாது. நான்கு போட்டால் 100 வாட். மூடிய 4x12 பெட்டி என்றால் அடித்தொனியும் இறுகும். பிரச்சினை என்னவென்றால், அந்த ஒலியளவை எந்த வீடும் தாங்காது. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சக்தியைக் குறைக்கும் அட்டனுவேட்டர் போடலாம். ஆனால் ஸ்பீக்கர் உடையாத எக்ஸ்பிரஸ் பாதி எக்ஸ்பிரஸ்தான்.

டம்பிள் ஓவர்டிரைவ் ஸ்பெஷலும் எலெக்ட்ரோ-வாய்ஸும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே ஸ்பீக்கர் வேண்டுமென்றே ஒதுங்கி நிற்கிறது. 2022-இல் மறைந்த அலெக்சாண்டர் டம்பிள் ஒவ்வொரு ஆம்பையும் வாங்குபவரின் கைக்கு ஏற்ப அமைத்தார், சுற்றின் முக்கிய பகுதியை எபாக்ஸி என்ற இறுகும் பிசின் ஊற்றி மறைத்தார். கிட்டார் கலைஞர்கள் ராபன் ஃபோர்ட், லாரி கார்ல்ட்டன் வாசிப்பில் கேட்கும் அந்த வழவழப்பான, நீண்டு நிற்கும் லீட் டோன் இதன் குழந்தை. கிளீன் சேனல் ஃபெண்டர் வழியில் வந்தது. ஓவர்டிரைவ் போட்டால் அந்தக் கிளீன் சேனலின் சிக்னல்தான் இன்னும் சில கட்டங்களுக்குள் பாயும். ஆகவே கிளீன் டோனைச் சரியாக வைக்காதவருக்கு ஓவர்டிரைவும் சரியாக வராது. புதிதாக வாங்குகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

உடைவதெல்லாம் ஆம்பின் முன்பகுதியிலேயே நடந்து முடிகிறது. ஸ்பீக்கர் அதற்குமேல் எதையும் சேர்க்கக் கூடாது. அதனால்தான் எலெக்ட்ரோ-வாய்ஸின் இவிஎம்12எல் ஸ்பீக்கர் இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. 200 வாட் தாங்கும், எவ்வளவு தள்ளினாலும் கோன் கலங்காது, 100 டெசிபல் உணர்திறனும் உண்டு. இதே இடத்தில் கிரீன்பேக்கைப் போட்டால் ஏற்கெனவே உடைந்த ஒலி மறுபடியும் உடைந்து மங்கிவிடும். டூ-ராக், ஃபக்ஸ் போன்ற பட்டறைகள் இந்த வழியில் ஆம்ப் கட்டுகின்றன. குறைந்த ஒலியளவிலும் டோன் கலையாமல் நிற்பது நான்கில் இதுதான். ஆனாலும் ட்வீட் கொடுக்கும் நெகிழ்வு இதில் இல்லை, நான் அதைத் தேடுகிறவன்.

கட்டும் முறை

பாகங்களை நேராக ஒன்றோடொன்று பற்றவைக்கும் பாயின்ட்-டு-பாயின்ட், உலோக முளைகள் பதித்த டரெட் போர்டு, உலோகத் துளைவளையங்கள் பதித்த ஐலெட் போர்டு என்று எந்த முறையில் கட்டியிருந்தாலும் நல்ல கைவேலை என்றால் நல்ல ஆம்ப்தான். ஒலியை வைத்து எந்த முறை என்று சொல்லிவிடலாம் என்பதை நான் நம்பவில்லை. பழுது பார்க்கும்போதுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். டரெட் போர்டில் ஒரு ரெசிஸ்டரை மாற்றுவது சில நிமிட வேலை. அதையும் தெரிந்தவரிடமே கொடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டவும் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஜோடி மாற்றினால்

தனியாகப் பதிவு செய்கிறவர், சிறிய அறை என்றால் ட்வீட்-ஜென்சன். குழுவோடு வாசிக்கிறவர், கார்டுகள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் டிசி-30 வகை. பெடலைத் தொடாமல் கையாலேயே எல்லாம் செய்கிறவர், சத்தத்துக்கு இடமும் இருக்கிறது என்றால் எக்ஸ்பிரஸ். ஒரே இரவில் கிளீனும் நீண்ட லீடும் மாறி மாறி வேண்டும் என்றால் டம்பிள் வழி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் டிசி-30 வகையை எடுப்பேன், அந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்காகவே.

குறுக்கே மாற்றிப் போடுவதிலும் நல்ல ஜோடிகள் உண்டு. 5இ3-இல் ஜென்சனுக்குப் பதில் கிரீன்பேக் போட்டால் அடித்தொனியின் குழைவு குறையும், ஹம்பக்கர் வாசிப்பவர்களுக்கு அது தோதாக இருக்கும். எக்ஸ்பிரஸுக்கு நான்கு கிரீன்பேக் பெட்டி வைக்க இடமில்லாதவர் இரண்டு ஜி12எச்-30 போடலாம், கூர்மை கொஞ்சம் கூடும், 60 வாட்டும் கிடைக்கும். வாங்கும்போது இரண்டும் 16 ஓம் என்று கேட்டு வாங்குங்கள். இணையாக இணைத்தால் 8 ஓம் வரும், ஆம்பிலும் 8 ஓம் முனையில் செருக வேண்டும். புது ஸ்பீக்கர் முதலில் விறைப்பாகவே இருக்கும். சில வாரம் வாசித்துக் கோன் தளர்ந்த பிறகுதான் அது பிடிக்குமா பிடிக்காதா என்று முடிவு செய்ய வேண்டும்.