பினாங்கில் கப்பல் இறங்குபவர்களே, அந்த ‘ஒருநாள் பாஸ்’ வாங்காதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் பினாங்கு போகிறவர்கள், முக்கியமாக வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்வெட்டன்ஹாம் முனைய வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்ததும், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் தமிழில் பேசிக்கொண்டே வருவார். கையில் லேமினேட் செய்த அட்டைகள் இருக்கும். ‘ஒருநாள் பாஸ்’ என்பார். பஸ், ஃபெரி, கொடிமலை (பினாங்கு ஹில்) ஏறும் ரயில் மூன்றுக்கும் இது ஒன்றே போதும் என்பார். பெரியவர்களுக்கு 35 ரிங்கிட், பிள்ளைகளுக்கு 20. எங்களிடம் விற்ற அட்டை இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடச் செல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் செல்லவும் வழியில்லை. பஸ்ஸை ஓட்டுவது ரேபிட் பினாங்கு. ஃபெரி பினாங்குத் துறைமுக நிறுவனத்துடையது. கொடிமலை ரயிலைக் கவனிப்பது பினாங்கு மலைக் கழகம். மூன்றும் தனித்தனி இடம், தனித்தனிக் கட்டணம். ஆனால் காலையில் ஆயிரக்கணக்கான பேரோடு சேர்ந்து கப்பலை விட்டு இறங்கி, ஒரு பக்கம் டாக்ஸிக்காரர்கள் கூப்பிட, இன்னொரு பக்கம் வேன்காரர்கள் கூப்பிட, மாலைக்குள் திரும்ப வேண்டுமே என்ற நினைப்போடு நிற்கிறவர்களுக்கு அதெல்லாம் தோன்றுமா?

நாங்கள் நான்கு பேர். நான், கணவர், அத்தை, மகன். கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலா விலை அதிகம் என்பதால் பஸ்ஸில் போய் வரலாம் என்பதுதான் திட்டம். அந்த ஆள் முதலில் எதையும் விற்கவில்லை. “அக்கா, டாக்ஸிக்காரன்கிட்ட மாட்டிக்காதீங்க, மீட்டர் போடமாட்டான், கேட்ட காசு கேப்பான்” என்று எச்சரித்தார். அது பொய்யும் இல்லை, பினாங்கு டாக்ஸிகளுக்கு அந்தப் பெயர் ரொம்ப நாளாக உண்டு. அடுத்து, “பஸ்ல நோட்டு போட்டா மீதி தரமாட்டாங்க, சரியான சில்லறை வேணும்” என்றார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளைச் சொன்ன பிறகுதான் அட்டை வெளியே வந்தது.

அத்தையைப் பார்த்து, “அம்மா, தண்ணீர்மலை முருகனையும் பாத்துட்டு வாங்க, கோயில் டிக்கெட்டும் இதுலயே சேர்த்தி” என்றார். அத்தைக்கு அதுவே போதும், பர்ஸைத் திறந்துவிட்டார். தண்ணீர்மலைக் கோயிலில் ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் என்று ஒன்று கிடையாது. முருகனைப் பார்க்கவும் பாஸ் விற்ற ஆளை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. மொத்தம் 125 ரிங்கிட், ரொக்கமாகக் கொடுத்தோம். “இன்னைக்கு கார்டு மெஷின் வேலை செய்யல” என்றார்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். காசை வாங்கிக்கொண்டு அவர் ஓடவில்லை. எங்களோடு வெல்ட் கீ ஜெட்டி வரை நடந்தே வந்தார், பத்து நிமிட நடை. ஃபெரி ஏறும் இடமும் பஸ் நிலையமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மகன் ஃபெரியைப் பார்த்ததும் குதித்தான். “தம்பி, அது கடைசியில. சாயங்காலம் காத்து நல்லா இருக்கும்” என்று அவனைத் திருப்பினார். 204ஆம் எண் பஸ் கொடிமலை அடிவாரம் வரை போகும், கிளம்புவதே அந்த ஜெட்டியிலிருந்துதான். அதில் எங்களை ஏறவிடவில்லை. “இங்க கூட்டமா இருக்கும்கா, இந்த பஸ்ல கொம்தார் போய் அங்க ஏறுங்க” என்று வேறொரு பஸ்ஸைக் காட்டினார். கொம்தார் என்பது ஊர் நடுவில் பஸ்கள் வந்து நிற்கும் உயரமான கட்டடம். ஏறும்போது அட்டையை நீட்டினோம். ஓட்டுநர் பாதி பார்த்தும் பார்க்காமலும் தலையை ஆட்டினார். உட்கார்ந்தோம். பாஸ் செல்லுகிறது என்று எங்களுக்கு நிம்மதி.

அந்த பஸ்ஸில் யாருக்குமே டிக்கெட் கிடையாது. ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றி வரும் ‘கேட்’ (CAT) பஸ் அது. ஊர்க்காரர், வெளியூர்க்காரர் எல்லோருக்கும் இலவசம். நாங்கள் மளிகைச் சீட்டை நீட்டியிருந்தாலும் ஓட்டுநர் தலையாட்டியிருப்பார். பாஸ் எங்கே செல்லுகிற மாதிரித் தெரியுமோ அங்கே முதலில் ஏற்றிவிட்டு, எங்கே செல்லாது என்று தெரிந்துவிடுமோ அந்த ஃபெரியைக் கப்பல் கிளம்பும் நேரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். ஃபெரி வாசலில் உண்மை தெரியவந்தாலும் அவரைத் தேடிப் போய்ச் சண்டை போட யாருக்கு நேரம் இருக்கும்?

கொம்தாரில் 204 வந்தது. அட்டையைக் காட்டினோம். ஓட்டுநர் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்களுடையது இல்லை” என்று மலாயில் சொல்லி, காசு போடும் பெட்டியைக் காட்டினார். எங்களிடம் இருந்ததெல்லாம் 50 ரிங்கிட் நோட்டுகள். பின்னால் வரிசை நீண்டது. இறங்கினோம். பக்கத்தில் இருந்த கோப்பிக் கடையில் ஆளுக்கொரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்துச் சில்லறை மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினோம். கட்டணம் ஆளுக்கு இரண்டு ரிங்கிட் அளவுதான். அந்தத் தே தாரிக்குக்கூட அதைவிட அதிகம் கொடுத்திருப்போம் என்று அத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கொடிமலை அடிவாரத்திலும் அதே கதை. கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் சிரித்த விதத்தைப் பார்த்தால் இந்த அட்டை அங்கே புதிதல்ல என்று தோன்றியது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ரயில் கட்டணம் பெரியவருக்கு 30 ரிங்கிட். வரிசையும் நீளம். 1923இலிருந்து ஓடும் ரயில், கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு மனசே இல்லை. பஸ்ஸில் கொஞ்ச தூரம் பின்னால் வந்து, ஆயர் ஈத்தாமில் இருக்கும் கெக் லோக் சி புத்தர் கோயிலை மட்டும் பார்த்தோம்.

அங்கிருந்துதான் கணவர் அட்டையின் பின்பக்கம் இருந்த எண்ணைக் கூப்பிட்டார். காசைத் திருப்பிக் கேட்க. யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தோம், முதல் மணியிலேயே எடுத்தார்கள். வேறு குரல், அதுவும் தமிழ்தான், மரியாதையாகப் பேசியது. “சார், பாஸ்ல ஏதோ தப்பு நடந்திருக்கு, ஆபீஸ்ல மாத்தித் தர்றோம். நீங்க எங்க இருக்கீங்க? ஆயர் ஈத்தாமா? ஐயோ, அங்க ரோடு அடைச்சிருக்கு சார், பஸ் இனிமே வராது. உங்க கப்பல் எத்தனை மணிக்கு?” அடுத்த வாக்கியம் வேன். நான்கு பேருக்கு 160 ரிங்கிட், பத்து நிமிடத்தில் வரும்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாஸ் வெறும் தூண்டில். கப்பல் போய்விடும் என்ற பயத்தோடு, ஊரின் இன்னொரு மூலையில் நிற்கிறவர்கள் தாமாகவே கூப்பிட்டு, தாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் எத்தனை மணிக்குக் கப்பல் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன விலையும் சொல்லலாம். அத்தை பயந்துவிட்டார், “குடுத்துத் தொலைச்சிட்டுப் போயிடலாம்ப்பா” என்றார். தனியாகப் பஸ்ஸில் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்பது உண்மைதான். கப்பலே விற்ற சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நமக்கு அந்தச் சலுகை இல்லை. அந்தப் பயம் இருப்பதால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

சந்தைப் பக்கம் பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு தமிழம்மாவிடம் கேட்டேன். “யாரும்மா பஸ் வராதுன்னது? ஜாம்தான், மெதுவா வரும், நில்லு” என்றார். நின்றோம். வந்தது. ஆயர் ஈத்தாம் சாலை மதியத்துக்கு மேல் ஊர்ந்துதான் போகும், போகும்போது ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். வழி முழுக்க அந்த எண்ணிலிருந்து கணவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வந்த அழைப்பில் அந்த மரியாதை இல்லை. வேனை வரச்சொல்லிவிட்டு ஏமாற்றினோமாம், பாதிக் காசாவது தர வேண்டுமாம். கணவர் எண்ணைத் தடுத்து வைத்தார்.

ஜெட்டியில் இறங்கி, ஃபெரி வாசலில் சும்மா ஒரு முறை அட்டையைக் காட்டினேன். காவலர் கையை ஆட்டி இல்லை என்றார். கட்டணம் ஆளுக்கு 2 ரிங்கிட். இரண்டே இரண்டு. அப்போதுதான் அட்டையில் இருந்த படத்தையும் நன்றாகப் பார்த்தேன். கார்கள் ஏறும் பெரிய பழைய ஃபெரி. கார் ஏற்றுவது 2020 முடிவோடு நின்றுபோனது; 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுபவை நான்கு புதிய ஃபெரிகள், ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிள், சைக்கிளுக்கும் மட்டும். பாஸ் அடிக்கிறவர்கள் படத்தைக்கூட மாற்றவில்லை. ஃபெரியில் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய்த் திரும்ப எங்களுக்கு நேரம் போதாது. மகன் கப்பல் வரை பேசாமல் வந்தான். 125 ரிங்கிட்டைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

இரவுச் சாப்பாட்டில் பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களிடமும் அதே அட்டை. அவர்கள் வேன் ஏறியிருக்கிறார்கள். வழியில் ஒரு சாக்லேட் கடையில் இறக்கிவிட்டு, எதையாவது வாங்கும்வரை வண்டியை எடுக்கவில்லையாம்.

மறுநாள் கப்பலின் வரவேற்பு மேசையில் அட்டையின் படத்தைக் கொடுத்தோம். “முனையத்துக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று பதில். சரி, பொறுப்பு வேண்டாம், இறங்கும் முன் ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லலாமே? ஸ்பா தள்ளுபடியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார்கள்!

பினாங்கு பஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. எங்களை இறக்கிவிட்ட ஓட்டுநர்கூடச் சரியாகத்தான் நடந்துகொண்டார். பஸ்ஸிலேயே தாராளமாகப் போங்கள். கப்பலிலிருந்து இறங்கும் முன் 1, 5 ரிங்கிட் நோட்டுகள் கையில் இருக்கட்டும். வாசலில் யாரிடமும் நிற்காமல் நேரே ஜெட்டிக்கு நடந்துபோய் 204 ஏறுங்கள். தண்ணீர்மலைக்கென்றால் தாவரவியல் பூங்கா போகும் 10ஆம் எண். ஃபெரி பார்க்க ஆசையிருந்தால் காலையில் முதல் வேலையாக முடித்துவிடுங்கள், கடக்கப் பதினைந்து நிமிடம்தான். திரும்பும்போது பஸ் ஊர்ந்தால் செல்பேசிச் செயலியில் கிராப் டாக்ஸி போட்டுக்கொள்ளலாம், கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே அட்டையை வாங்கிவிட்டீர்களா? பின்னால் இருக்கும் எண்ணை மட்டும் கூப்பிடாதீர்கள். கொடுத்த காசு எங்களுக்குத் திரும்பி வரவில்லை. அட்டையை இருபுறமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முனையத்துக்குள் திரும்பியதும் அங்கே இருக்கும் காவலரிடம் காட்டிப் புகார் எழுதிக் கொடுங்கள். எங்கள் புகார் அங்கே இருக்கிறது, உங்களுடையதும் சேரட்டும்.