ரவுட்டர்ல 'ஐபி பிளாக்'னு சொல்லி 4,850 ரூபா உருவிட்டான், ஆப்ல ஆள் கூப்பிடுறவங்க படிச்சுக்கோங்க

4,850 ரூபா போச்சு. எந்த ஆப்னு பேர் போடல, நோட்டீஸ் கீட்டீஸ்னு வருவானுங்க. ஃபேன் மாட்ட, ஏசி கழுவ வீட்டுக்கே ஆள் அனுப்புறாங்கல்ல, அந்த வகை ஒண்ணு.

வீட்டு வைஃபையில யூட்யூப், கூகுள், வாட்ஸப் எல்லாம் நல்லா ஓடுது. ஜிஎஸ்டி போர்ட்டல் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு, பேங்க் சைட்டும் அதே கதி. போன் டேட்டால போட்டா ரெண்டும் பட்டுனு வருது. நான் வீட்டுல இருந்தே சின்னச் சின்ன கடைகளுக்கு கணக்கு பாக்குறவ, 20ஆம் தேதிக்குள்ள 3பிங்கற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடலன்னா லேட் ஃபீ விழும், கடைக்காரங்க என் கழுத்தத்தான் புடிப்பாங்க. எல்லாத்தையும் போன் டேட்டாலயே ஓட்டலாம்னா மதியத்துக்குள்ள காலி. கனெக்ஷன் குடுத்தவங்கள கேட்டா "லைட்டு பச்சையா எரியுதா மேடம், அப்ப எங்க சைடு ஓகே"னு வச்சிட்டாங்க. ரீஸ்டார்ட் பண்ணி, சைட் பேர வச்சு அட்ரஸ் தேடிக் குடுக்குற டிஎன்எஸ்ஸ 8.8.8.8னு மாத்தியும் பாத்தாச்சு, அசையல. அதுக்கப்புறம்தான் ஆப்ல புக் பண்ணேன்.

வந்த பையன் வாய் நிறைய அக்கா அக்கான்னான். என் லேப்டாப்ல கருப்பு ஸ்க்ரீன தொறந்து கூகுளுக்கு பிங் அடிச்சான், அதாவது அந்தப் பக்கம் பதில் சொல்லுதான்னு தட்டிப் பாக்குறது, பதில் வந்துச்சு. பேங்க் சைட்டுக்கு அடிச்சான், வரிசையா 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்'. "பாத்தீங்களாக்கா, பழைய ரவுட்டர்ல வைரஸ் பூந்து உங்க ஐபி பிளாக்லிஸ்ட்ல போயிருச்சு, அதான் அவங்க உள்ள விடல"ன்னான். ஐபின்னா நெட்ல நம்ம கனெக்ஷனோட அட்ரஸ் நம்பர். கண்ணு முன்னாடி காட்டிட்டு சொல்றான், நம்பாம என்ன பண்ணுவீங்க? புது ரவுட்டர் 3,200, 'ஐபி கிளீனிங்' 1,650. ஆப் வழியா போனா கமிஷன் புடிச்சிருவாங்கக்கா, எனக்கே ஜிபே பண்ணிருங்க, பில்லு சாயங்காலம் வாட்ஸப்ல வந்துரும்னான். ரவுட்டர மாட்டி, என்னென்னமோ தட்டி, ஜிஎஸ்டி போர்ட்டல தொறந்தே காட்டினான். 4,850ம் அனுப்பினேன்.

பைக் தெருமுன திரும்பியிருக்காது, மறுபடி சுத்த ஆரம்பிச்சிருச்சு. அவன் என் லேப்டாப்ப கனெக்ட் பண்ணி காட்டுனது என் வைஃபையில இல்லங்க, அவன் போன் ஹாட்ஸ்பாட்ல! வைஃபை லிஸ்ட்ல அவன் போன் பேரு இன்னும் சேவ் ஆகி கெடக்கு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

போன் போட்டா "அக்கா ஒரு நாள் விடுங்க, ஐபி க்ளீன் ஆக டைம் எடுக்கும்", அப்புறம் பிஸி, அப்புறம் பிளாக். ஆப் சாட்ல மொதல்ல ஒரு மிஷின் பேசுச்சு, அப்புறம் வந்த ஆளு "டெக்னீஷியனுக்கு நேரடியா குடுத்த பணத்துக்கு நாங்க பொறுப்பில்ல மேடம்"னுட்டு டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டான். நீங்க அனுப்பின ஆளுதானேயா அவன்? நானா ரோட்டுல போனவன கூப்பிட்டேன்? திருப்பி தொறந்தா "உங்க பிரச்சனை தீர்க்கப்பட்டது"ன்னு மெயில் வருது, 4,850 ரூபா தீர்ந்ததத்தான் சொல்றானுங்க போல.

கடைசில சரி பண்ணது நெட்வொர்க் வேலைல இருக்குற எங்க அக்கா பையன், போன்லயே. ஐபியுமில்ல வைரசுமில்ல சித்தி, எம்டியூன்னான். டேட்டா சின்னச் சின்ன பாக்கெட்டாத்தான் போகும், அதுல ஒண்ணு எவ்ளோ பெருசா இருக்கலாம்ங்கற அளவு அது. சாதாரணமா 1500, நம்ம மாதிரி யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு வர்ற லைன்ல 1492. கனெக்ஷன்காரங்க அவங்க பக்கம் ஏதோ மாத்தி அது இன்னும் கொறஞ்சிருக்கு, பெரிய பாக்கெட்டெல்லாம் நடுவழில சத்தமில்லாம காணாமப் போகுது, சில சைட்டு சமாளிச்சிக்கும் சில சைட்டு தொங்கிரும். 1.1.1.1ங்கற வெளி சர்வருக்கு பாக்கெட் சைஸ் வச்சு பிங் அடிக்கச் சொன்னான், 1464 போகல, 1432 போச்சு. அதோட பாக்கெட் தலைப்புக்குன்னு 28 கூட்டி ரவுட்டர்ல எம்டியூ 1460னு போட்டேன், ரெண்டு சைட்டும் தொறந்துச்சு. வம்புக்குன்னே பழைய ரவுட்டர மாட்டி அதுலயும் 1460 போட்டேன், அதுவும் ஜம்முனு ஓடுது! அப்ப 3,200க்கு எனக்கு எதுக்குடா இன்னொரு ரவுட்டர்?

அந்த 1,650 ரூபா கிளீனிங் இன்னும் கொடும. ரவுட்டர் செட்டிங்ஸ் பேஜ்ல எனக்கு காட்டுற ஐபி 100.70ல ஆரம்பிக்குது. 100.64லேர்ந்து 100.127 வரைக்கும் இருந்தா அது கனெக்ஷன்காரங்க உள்ளுக்குள்ள குடுக்குறது, வெளிய போறப்ப நாம நெறய பேரு ஒரே ஐபியிலதான் போறோம். அத எவன் வந்து என் வீட்டுல கழுவுறது?

விலாவாரியா டிப்ஸ் எழுதலாம்னுதான் உக்காந்தேன், கோவத்துல வர மாட்டேங்குது. பிங் வரலன்னு காட்டினா நம்பாதீங்க, பேங்க் சைட்டு, கவர்மெண்ட் சைட்டு பலதும் பிங்குக்கு பதிலே சொல்லாது. தொறந்து காட்டினா லேப்டாப் எந்த வைஃபையில இருக்குன்னு பாத்துட்டு காசு குடுங்க. ஆப்புக்கு வெளிய ஒத்த ரூபா அனுப்பாதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் போட்டுட்டேன், கம்ப்ளெயிண்ட் நம்பர் வந்திருக்கு, 4,850 வரல.