கல்லடியில் ஒரு கொத்துக் கடை: கல்லுக்குக் கிட்டப் போய் நின்று சொல்லுங்கள்

கொத்து, அதாவது ரொட்டியையோ இடியப்பத்தையோ சூடான இரும்புக் கல்லில் மரக்கறியோடு கொத்திப் பிரட்டுகிற சாப்பாடு, உடம்புக்குக் கூடாது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் மேசையில் இருந்துகொண்டே ஓடர் கொடுக்கிறவர்கள். எழும்பிப் போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால், அதே கடையில் அதே காசுக்கு வேறொரு சாப்பாடு கிடைக்கும். மட்டக்களப்பில், கல்லடியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையை வைத்து இதைச் சொல்கிறேன்.

முதலில் என் தொழில். பிஸ்கட்டும் குளிர்பானமும் விற்கும் கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி நான். ஏறாவூர் தொடக்கம் பொத்துவில் வரை மோட்டார் சைக்கிளில் திரிகிற வேலை. வீட்டில் பார்சல் கட்டித் தந்தாலும் இந்த வெயிலில் பெட்டிக்குள் கிடந்து மத்தியானத்துக்குள் புளித்துவிடும். ஆகவே மத்தியானமும் இரவும் கடைச் சாப்பாடுதான். வண்டு விழுந்த அரிசியை மணத்திலேயே கண்டுபிடிக்கிற அளவுக்குக் கடைகள் பழகிவிட்டன.

தொழில் காரணமாக இன்னொன்றும் பழகியிருக்கிறது: நிறம் பார்ப்பது. 2016 ஓகஸ்டிலிருந்து இலங்கையில் குளிர்பானப் போத்தலில் சீனி அளவுக்கு நிறம் போட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். பிறகு பிஸ்கட் மாதிரியான பக்கற் சாப்பாடுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் நிறம் வந்தது. நான் கடை கடையாய் இறக்கும் சாமானில் சிவப்பு எத்தனை என்று என்னிடம் கேட்க வேண்டாம், பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும். கொத்துப் பார்சலுக்கோ நிறம் கிடையாது. அதில் என்ன போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. நல்ல காலம், நம்மட ஊரில் கொத்துப் போடுவது தெருப் பார்க்க, வாசலிலேயே. பேர்கர் கடையில் சமையலறைக் கதவு சாத்திக் கிடக்கும்.

கடை இருப்பது பாலம் தாண்டிக் கல்முனை வீதியில், கடற்கரைக்குத் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால். பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். “கூட்டம் கூடினா எனக்கு இருக்கிறது ரெண்டு கைதானே சேர்” என்றார். பெயர்ப் பலகையில் முக்கால்வாசியை எங்கள் போட்டிக் கம்பனியின் போத்தல் படம் பிடித்திருக்கிறது, அடையாளத்துக்கு அது காணும். உள்ளே நாலைந்து மேசை, ஒரு மின்விசிறி, கை கழுவுகிற இடத்தில் நூலில் கட்டித் தொங்கும் சவர்க்காரம். தூங்குகிற பிள்ளையைக் கொண்டு போகாதீர்கள், தகடு அடிக்கிற சத்தத்தில் எழும்பிவிடும்.

இங்கே எடுக்க வேண்டியது இடியப்பக் கொத்து. ரொட்டிக் கொத்துக்குப் போகும் ரொட்டி, வெள்ளைக் கோதுமை மாவைப் பிசைந்து, உருண்டையாக்கி, எண்ணெயில் ஊறப் போட்டு, எண்ணெய்க் கையால் வீசி, எண்ணெய்க் கல்லில் சுட்டது. கொத்துவதற்கு முன்பே அது எண்ணெயைக் குடித்து முடித்துவிட்டது. அதை யாராலும் குறைக்க முடியாது. இடியப்பம் அவித்தது. கல்லில் விழும் வரை அதில் எண்ணெய் இல்லை, அதற்குப் பிறகு எவ்வளவு விழும் என்பது நீங்கள் வாய் திறந்து சொல்வதில் இருக்கிறது. இந்தக் கடைக்குச் சிவப்பரிசி மா இடியப்பம் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவிடமிருந்து மாலையில் தட்டுத் தட்டாக வருகிறது. சிவப்பு என்பதற்காக அள்ளிப் போட்டால் சீனி வருத்தக்காரருக்கு அதுவும் ஏற்றத்தான் செய்யும், அளவு முக்கியம். ஆனாலும் வெள்ளை மா ரொட்டியோடு வைத்துப் பார்த்தால் எனக்கு இதுதான் வயிற்றில் பாரமில்லாமல் இருக்கிறது.

போடுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். எண்ணெய், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் போத்தலில் இருக்கும். கொத்துப் போடுகிற தம்பி அதைக் கவிழ்த்துக் கல்லில் வட்டம் போடுவார். கேட்காவிட்டால் மூன்று வட்டம், இடையில் சும்மா கைப்பழக்கத்தில் இன்னொன்று. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. அந்தக் கூடுதல் வட்டம் ருசிக்கு ஒன்றும் செய்வதில்லை, மினுமினுப்புக்கு மட்டும்தான். “தம்பி, ஒரு வட்டம் காணும்” என்று போத்தலைத் தூக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தூக்கிய பிறகு சொன்னால் வேலையில்லை.

அப்புறம் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, றம்பை என்கிற வாசனை இலை. லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்). மரக்கறியை இரண்டு பிடி கூடப் போடச் சொன்னால் இங்கே முகம் சுளிப்பதில்லை, மேலதிகக் காசும் எடுப்பதில்லை. கோவா விலை ஏறின நாட்களில் பிடி கொஞ்சம் சின்னதாகும், அதை நான் கண்டுகொள்வதில்லை. அதன் மேலே முட்டை. கல்லிலேயே உடைத்து, தகட்டால் இரண்டு இழுப்பு. கடைசியில்தான் இடியப்பம். அதைத் தகட்டால் அடிக்காமல் கையால் பிய்த்துப் போட்டுப் பிரட்டுவார். அடித்தால் களி மாதிரி ஆகிவிடும். இந்தக் கைப்பக்குவத்துக்காகவே நான் காத்தான்குடியில் நிற்காமல் இவ்வளவு தூரம் வருகிறேன்.

எண்ணெயை எல்லாரும் பார்க்கிறார்கள், உப்பை ஒருவரும் பார்ப்பதில்லை. ஒரு கொத்துக்குள் உப்பு நாலு வழியாகப் போகிறது: கையால் தூவுகிற உப்பு, சுவைத்தூள், சோயா சோஸ், மேலே ஊற்றுகிற குழம்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே அதில் பாதியளவு வந்துவிடும். ஆகவே நான் சோஸும் தூளும் வேண்டாம் என்பேன். முதல் தடவை தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

“சோஸ் போடாட்டி நிறம் வராது சேர்.”

“நிறம் எனக்கு எதுக்கு தம்பி, நானா போட்டோ எடுக்கப் போறன்?”

“அப்ப கொஞ்சம் மிளகு கூடப் போடுறன். ருசி இல்லெண்டு சொல்லப்படா.”

மிளகும் தேசிக்காய்ப் புளியும் சோஸின் குறையைத் தீர்த்துவிட்டன. உண்மையில் நான் போடச் சொல்லும் மீனின் ருசி அப்போதுதான் மேலே வந்தது. குழம்பைத் தனியாகத் தரச் சொல்லுங்கள். கிண்ணத்தில் வந்தால் நாலு கரண்டி தொட்டுக்கொள்வோம், மேலே ஊற்றிவிட்டால் முழுவதும் வயிற்றுக்குள்தான்.

எதைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. இங்கே மீன், கோழி, முட்டை, சில நாட்களில் இறால். நான் எடுப்பது மீன். குழம்பில் வெந்த துண்டா, பொரித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் அருகருகே இருக்கும். கோழி என்றால் தோலை எடுத்துவிட்டுப் போடச் சொல்லலாம், செய்வார்கள். சீஸ் கொத்து என்று ஒன்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அதைப் பக்கத்து மேசைப் பெடியன்கள் எடுத்தபோது பார்த்தேன்: ரொட்டி, கோழி, பால், அதற்கு மேலே சீஸ், மேலும் சீஸ். பதினெட்டு வயதில் பந்தடித்துவிட்டு வந்து சாப்பிட்டால் சரி. என் இடுப்புப் பட்டிக்கு அது தாங்காது.

அளவுதான் இந்தக் கடையிலும் கொஞ்சம் சிக்கல். ‘புல்’, அதாவது முழுக் கொத்து என்று கேட்டால் இரண்டு பேருக்குக் காணும். அரை என்று கேட்டால் அரைக்கும் கூடத்தான் வரும், விலையோ பாதியைவிடக் கூட. தாராளம் காட்டாவிட்டால் ஆள் வராது என்ற பயம் நம்மட கடைக்காரருக்கு எப்போதும் உண்டு. நான் அரை வாங்கி, அதிலும் கொஞ்சத்தைக் கட்டிக்கொண்டு போவேன். கட்டித் தரும்போது சூட்டோடு மெல்லிய பொலித்தீனில் வைத்துச் சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2017இலேயே தடை வந்தும் எங்கிருந்தோ இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மூடி போட்ட பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டு போனால் அதிலேயே போட்டுத் தருவார்கள்.

குடிக்கிறதுக்கு வருவோம். கொத்தோடு போத்தல் எடுப்பது ஒரு சம்பிரதாயம் ஆகிவிட்டது. என் வயிற்றுப் பிழைப்பே அதில்தான், இருந்தாலும் கணக்கைப் பாருங்கள்: 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் என்றால் அரை லீற்றர்ப் போத்தலில் 55 கிராம் சீனி, ஏறக்குறைய பதினொரு தேக்கரண்டி. வட்டம் எண்ணி எண்ணெயைக் குறைத்துவிட்டு இதைக் குடித்தால் என்ன பிரயோசனம்? இந்தக் கடையில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ நல்லாயிருக்கும், சீனியைத் தனியாகக் கேளுங்கள். பகலில் என்றால் வீதியோரத்தில் இளநீர். பழச்சாறு கடைகளில் “சீனி போடாம” என்று இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் அது காதில் விழாது.

மற்ற இடங்களையும் சொல்லாவிட்டால் இந்தக் கடைக்கு நான் தருகிற மதிப்பு விளங்காது. கல்முனையில் ஒரு பொரித்த கோழிக் கடையில் பலகையில் ‘கிறில்’ என்று போட்டிருந்தது. ஆசையாகக் கேட்டேன். பொரித்த துண்டைக் கம்பிக் கல்லில் இரண்டு பக்கம் வைத்துக் கறுப்புக் கோடு போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மாதிரி இடத்தில் நம்மால் மாற்றக்கூடியது மிகக் கொஞ்சம். மயோனைஸ் வேண்டாம் என்னலாம், தோலை உரித்துவிடலாம், உருளைக்கிழங்குப் பொரியலையும் போத்தலையும் சேர்த்துத் தரும் செட்டை எடுக்காமல் விடலாம். அவ்வளவுதான். மாவில் பிரட்டிப் பொரித்து வைத்ததைத் திருப்பி அவிக்கவா முடியும்?

பஸ் நிலையத்துப் பக்கத் தேத்தண்ணிக் கடைகளில் ஆபத்து வேறு மாதிரி. இருந்த உடனேயே ரோல்ஸ், வடை, பற்றிஸ், கட்லட் எல்லாம் கலந்து ஒரு தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். எடுத்ததுக்குத்தான் காசு. தேத்தண்ணி வருவதற்குள் கை தானாகப் போகும். நான் இருக்கும்போதே “தட்டு வேணாம் நானா, ஒரு தேத்தண்ணி மட்டும்” என்று சொல்லிவிடுகிறேன். பசி என்றால் அவித்த கடலை இருக்கிறதா என்று கேட்பேன், பல கடைகளில் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தது இருக்கும்.

மத்தியானத்துக்குச் சோத்துப் பார்சல்தான் இன்னும் ராசா. அக்கரைப்பற்றில் நான் வாங்கும் இடத்தில் முருங்கை இலைச் சுண்டல், பருப்பு, மீன் குழம்பு, ஒரு பச்சடி. குறை ஒன்றே ஒன்று: சோறு மலை போல இருக்கும், சுண்டல் திருநீறு மாதிரி ஒரு விரலளவு. “சோறு அரைவாசி, சுண்டல் ரெண்டு கரண்டி” என்றால் அந்த ராத்தா சிரித்துக்கொண்டே போட்டுத் தருவார். அப்பளத்தையும் பொரித்த மிளகாயையும் வேண்டாமென்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

திரும்பவும் கல்லடிக் கடைக்கு. எட்டு மணிக்குப் பிறகு அங்கே போய் இதெல்லாம் கேட்காதீர்கள். கூட்டம் நெருக்கும், தம்பி ஒரே நேரத்தில் நாலு கொத்தைச் சேர்த்துக் கொத்துவார், உங்கள் ‘ஒரு வட்டம்’ அதற்குள் காணாமல் போய்விடும். சிவப்பு இடியப்பமும் அநேகமாக அதற்குள் முடிந்துவிடும். பிறகு இருப்பது வெள்ளை, இல்லாவிட்டால் ரொட்டி. ஏழு மணிக்கு முன்னால் போனால் நின்று கதைக்கவும் நேரம் இருக்கும்.

ருசிக்கு ஐந்தில் நாலு, சொன்னதைக் கேட்பதற்கு ஐந்தில் ஐந்து, எட்டு மணிக்குப் பிறகு அதே ஐந்து இரண்டாக இறங்கும். சுத்தத்துக்கு மூன்றரை: கல்லைத் துடைக்கிற துணியை அவர்கள் இன்னும் அடிக்கடி மாற்றலாம். விலை சுற்றுவட்டாரக் கடைகள் மாதிரித்தான்.

வெள்ளிக்கிழமை கடையில் மச்சம் (மீன், இறைச்சி) கிடையாது. அன்றைக்கு மரக்கறிக் கொத்தில் அவித்த கௌபியைப் போட்டுப் பிரட்டித் தருகிறார்கள், வேறு நாட்களில் கேட்டாலும் கிடைக்காது. கார்ட் எடுக்க மாட்டார்கள், காசாகக் கொண்டு போங்கள்.